புல்பப் பம்ப் ஷொட்கனும் கொழும்பு வீட்டுக் கதவும்: முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களில் இப்போது துவக்கும் சேர்ந்துவிட்டது. குட்டையாக, கறுப்பாக, நிஜமா விளையாட்டுச் சாமானா என்று சந்தேகப்பட வைக்கும், 'புல்பப்' என்ற வகை ஷொட்கன் ஒன்று. கூடவே ஒரு வொய்ஸ்: "மச்சான், வீட்டுக்கு இதுதான் சரி, பதினஞ்சு வெடி!" டெக்சாஸில் இருக்கிற மச்சானுக்கு அது கடைக்குப் போய் வாங்கக்கூடிய சாமான். வெள்ளவத்தையில் இருக்கிறவருக்கு அதே சாமான் ஆயுள் சிறை வரை கொண்டுபோகும். ஆனால் இரண்டு பேருக்கும் மனதுக்குள் இருப்பது ஒரே பயம்தான்: இரவில் எவனாவது வீட்டுக்குள் வந்தால்?

அதனால் இதை இரண்டு பேருக்குமாக எழுதுகிறேன். முதலில் அந்தத் துவக்குகளை ஒழுங்காக ஒப்பிட்டுவிடுவோம். பிறகு சட்டம். அப்புறம் கொழும்பு வீடு. எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சத்தம் கேட்டதிலிருந்து உதவி வந்து சேரும் வரை எனக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? துவக்கின் நீளமும் கதவின் ஸ்குரூவும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

படி 1: புல்பப்பில் எது எங்கே போகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

சாதாரண பம்ப் ஷொட்கன், அதாவது ஒவ்வொரு வெடிக்கும் முன்கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1950இல் வந்த ரெமிங்டன் 870, அதற்குப் பிறகு வந்த மொஸ்பெர்க் 500 இரண்டும் உலகம் முழுக்கத் தெரிந்தவை. குழாய் 18 அங்குலம் என்றாலும் தோளில் வைக்கும் பின்கட்டையோடு சேர்த்து மொத்தம் 38, 39 அங்குலம் வரும். கிட்டத்தட்ட ஒரு மீற்றர். ஒடுங்கிய நடைபாதையில், கதவு மூலையில், அந்த ஒரு மீற்றரைத் திருப்புவது லேசு இல்லை.

புல்பப்பில், சுடுவதற்கு விரலால் அமத்தும் விசை முன்னுக்குப் போகிறது. தோட்டா வெடிக்கும் அறையும் மற்றப் பொறிகளும் விசைக்குப் பின்னால், பின்கட்டைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. குழாயின் நீளம் குறையவில்லை, வீணாய் இருந்த பின்கட்டை இடம்தான் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. மொத்த நீளம் 66 முதல் 72 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும்.

அமெரிக்கச் சட்டமும் இந்த அளவுகளைத் தீர்மானித்திருக்கிறது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஷொட்கன் குழாய் 18 அங்குலத்துக்கோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் தனிப் பதிவு, தனி நடைமுறை. கெல்-டெக் கேஎஸ்ஜியின் நீளம் 26.1 அங்குலம். அந்த 0.1 தற்செயலாக வந்தது இல்லை.

இந்த வசதிக்கு விலையும் உண்டு. விசையிலிருந்து பின்னால் இருக்கும் பொறிக்கு நீளமான கம்பியோ தகடோ போக வேண்டியிருப்பதால் விசை இழுவை கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். வெடிக்கும் இடம் கன்னத்தோடு ஒட்டி இருக்கும். தோட்டா ஏற்றும் வாய் அக்குளுக்குக் கிட்ட வந்துவிடுவதால், தோளில் வைத்தபடி ஏற்றுவது பழகாத கைக்குப் பெரும் பாடு. வேறு ஷொட்கனில் கை பழகினவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும்.

படி 2: நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

சந்தையில் பேசப்படும் புல்பப் பம்ப் ஷொட்கன்களில் நான்கை எடுத்துக்கொண்டால் போதும். இஸ்ரேலிய டாவோர் டிஎஸ்12ஐயும் இதே வரிசையில் போட்டு வீடியோ செய்கிறார்கள். அது பம்ப் இல்லை, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றுவது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலாவது கெல்-டெக் கேஎஸ்ஜி. புளோரிடாவில் உள்ள நிறுவனம், வடிவமைத்தவர் சுவீடனில் பிறந்த ஜோர்ஜ் கெல்கிரென், அறிமுகம் 2011. 12 போர், இது குழாய் வாயின் அகலத்தைச் சொல்லும் அளவு. குழாய் 18.5 அங்குலம், வெறும் எடை 6.9 இறாத்தல், அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல். குழாய்க்குக் கீழே இரண்டு தோட்டாக் குழல்கள் பக்கத்துப் பக்கமாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா 7. அறைக்குள் ஒன்று. மொத்தம் 15. மச்சான் சொன்ன "பதினஞ்சு வெடி" இதுதான்.

அது வேலை செய்வதைக் கிட்ட இருந்து பாருங்கள். முன்கைப்பிடியை முழுதாகப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த கோது பின்னால் வந்து, கீழே உள்ள வாயால் நேரே நிலத்தில் விழும். முகத்துப் பக்கம் எதுவும் பறக்காது, அதனால் இடக்கைக்காரருக்கும் இது ஒத்துவரும். அதே இழுப்பில் அடுத்த தோட்டா குழலிலிருந்து வெளியே வரும். முன்னுக்குத் தள்ளினால் அறைக்குள் போய்ப் பூட்டும். எந்தக் குழலிலிருந்து எடுப்பது என்பதை விசைப் பிடிக்குப் பின்னால் அடியில் இருக்கும் ஒரு சிறு நெம்புகோல் தீர்மானிக்கிறது: இடம், வலம், நடுவில் வைத்தால் இரண்டும் இல்லை. ஒரு குழலில் ஏழும் முடிந்தால் நெம்புகோலை நீங்களாகத்தான் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் இழுப்பீர்கள், தள்ளுவீர்கள், விசையை அமத்துவீர்கள், ஒரு 'டிக்' மட்டும் கேட்கும். மறுகுழலில் ஏழு தோட்டா சும்மா படுத்திருக்கும்.

இரண்டாவது சிக்கல், அரைகுறையாக இழுப்பது. பதற்றத்தில் கை முக்கால்வாசி மட்டும் இழுத்துவிட்டுத் தள்ளிவிடும். கேஎஸ்ஜி அதை மன்னிக்காது, சிக்கிக்கொள்ளும். மூன்றாவதுதான் உண்மையில் பயமானது: முன்கைப்பிடி குழாய் வாய்க்கு மிகக் கிட்ட இருக்கிறது. கை வழுக்கினால் விரல் குழாய்க்கு முன்னால் போய்விடும். இதை வாங்கும் பலர் செய்யும் முதல் வேலை, கை முன்னால் போகாதபடி ஒரு நிமிர்ந்த பிடியைப் பூட்டுவதுதான். இன்னொன்று, பெட்டியிலிருந்து எடுக்கும்போது இதில் குறிபார்க்கும் சாதனம் இருக்காது. மேலே தண்டவாளம் போல ஓடும் பட்டியில் நீங்கள்தான் வாங்கிப் பூட்ட வேண்டும்.

அதே வீட்டுத் தம்பி கேஎஸ்7. ஒரே குழல், 7 தோட்டா, அறைக்குள் ஒன்று. எடை 5.9 இறாத்தல். நீளம் அண்ணனைப் போலவே. மேலே தூக்கும் பிடியும் பச்சை நிறக் குறியும் வந்தே இருக்கும். நெம்புகோல் இல்லை, மறப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் எடை குறைந்த 12 போர் என்றால் தோளில் உதை கூடும்.

துருக்கியின் யூடாஸ் யூடிஎஸ்-15 வேறு மாதிரி யோசித்தது. தோட்டாக் குழல்கள் குழாய்க்கு மேலே. நீளம் 28.3 அங்குலம். நெம்புகோலை நடுவில் விட்டால் இடமும் வலமுமாகத் தானே மாறி மாறி எடுக்கும். காகிதத்தில் பார்த்தால் கேஎஸ்ஜியின் பெரிய குறைக்கு மருந்து இதுதான். ஆனால் கோது வலப்பக்கமாக வெளியே வருவதால் இடக்கைக்காரர் தவிர்ப்பது நல்லது. ஆரம்ப காலத் தயாரிப்புகள் சிக்கிக்கொள்கின்றன என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடைசியாக வந்தது ஸ்மித் அன்ட் வெசனின் எம் அன்ட் பி 12, ஆண்டு 2021. குழாய் 19 அங்குலம், மொத்தம் 27.8, எடை 8.3 இறாத்தல். இரண்டு குழல், கீழால் கோது. குழல் மாற்றுவது பொத்தானால். முன்கைப்பிடியில் நிமிர்ந்த பிடி முதலிலேயே பூட்டி வருகிறது, அதாவது விரல் பயத்தை நிறுவனமே யோசித்திருக்கிறது. உள்ளங்கை அளவுக்கு ஏற்பப் பின்பிடியையும் மாற்றலாம். ஆனால் வெளிவந்த கையோடு ஆரம்பத் தயாரிப்புகளைப் பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுவனமே திருப்பி அழைக்க வேண்டி வந்தது. அமெரிக்காவில் இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் தொடர் இலக்கத்தை நிறுவனத்திடம் கொடுத்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும்.

படி 3: பதினைந்தை மறந்துவிட்டுக் கையைப் பாருங்கள்

வீடியோக்காரர்கள் எண்ணிக்கையில் மயங்கிவிடுகிறார்கள். முதல் மூன்று தோட்டாவைப் பிசகாமல் கையாளத் தெரியாதவருக்கு மீதிப் பன்னிரண்டும் சுமை மட்டும்தான். 15 தோட்டா ஏற்றினால் கேஎஸ்ஜியின் எடை இன்னும் முக்கால் கிலோவுக்குக் கிட்ட ஏறும். எம் அன்ட் பி 12 நாலரைக் கிலோவைத் தொடும். ஒரு கையில் ரோர்ச் லைட், மறுகையில் நாலரைக் கிலோ என்றால் பம்ப் எந்தக் கையால்? பம்புக்கு இரண்டு கையும் வேண்டும். கதவைத் திறக்க ஒரு கை, பிள்ளையைத் தூக்க ஒரு கை, பொலிஸைக் கூப்பிட 119க்கோ 911க்கோ அடிக்க ஒரு கை.

சட்டம் இடம் கொடுக்கிற நாட்டில் இருந்து என்னைக் கேட்டால், இந்த நான்கில் கேஎஸ்7 என்பேன். நினைவில் வைக்க வேண்டியது அதில் குறைவு. இன்னும் அழுத்திக் கேட்டால், நீளமாக இருந்தாலும் பழைய மொஸ்பெர்க்கையே சொல்வேன். அதைப் பழக்குவதற்கு ஆள் கிடைக்கும், உதிரிப்பாகம் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதைக் காலியாக்கத் தெரிந்திருக்கும்.

மூடிய அறைக்குள் 12 போர் வெடித்தால் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். கேட்கும் திறன் அந்த ஒரு வெடியிலேயே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். புல்பப்பில் வெடிக்கும் அறை காதுக்கு இன்னும் கிட்ட. வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டிய இரும்புப் பெட்டி கட்டாயம். அந்தப் பெட்டியைத் திறக்கும் நேரமும் உங்கள் நிமிடக் கணக்கில்தான் சேரும். வீடியோக்கள் இதைச் சொல்வதே இல்லை.

படி 4: சுவருக்கு அப்பால் யார் படுத்திருக்கிறார்கள்

ஷொட்கன் என்றால் திசை காட்டினால் போதும், பரவிப் போய் அடிக்கும் என்பது படங்கள் சொல்லிக்கொடுத்த கதை. வீட்டு அறையின் தூரம் நாலைந்து மீற்றர். அந்தத் தூரத்தில் குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் பரவும். குறி பார்த்தே ஆக வேண்டும். 'டபுள் ஓ' தோட்டா ஒன்றில் 8.4 மில்லிமீற்றர் ஈயக் குண்டுகள் எட்டு அல்லது ஒன்பது இருக்கும். குறி தவறின ஒவ்வொன்றும் எங்கேயாவது போய்த்தான் நிற்க வேண்டும்.

அமெரிக்க வீட்டின் உள்சுவர் ஜிப்சம் பலகை. டபுள் ஓ குண்டு அப்படிப் பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். அங்கே இருப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு, பிள்ளைகளின் கட்டில் எந்தச் சுவரோடு இருக்கிறது என்பதுதான். கொழும்பில் செங்கல்லும் சீமெந்தும் என்றாலும் மற்றதெல்லாம் லேசு: பிளைவூட் கதவு, கண்ணாடி ஜன்னல், அஸ்பெஸ்டஸ் கூரை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் ஒரு வீட்டு ஜன்னலுக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் இடையில் ஒரு ஓட்டோ போகத்தான் இடம். வெள்ளவத்தை பிளாட்டில் உங்கள் கதவுக்கு எதிரே அடுத்தவர் கதவு. அந்த இடைவெளியில் 12 போருக்கு வேலை இல்லை.

படி 5: சட்டத்தைப் படித்துவிட்டு மச்சானுக்குப் பதில் போடுங்கள்

லண்டனில் இருக்கும் தம்பிக்கு முதலில். அங்கே குழாய் 24 அங்குலத்துக்கோ மொத்தம் 40 அங்குலத்துக்கோ குறைந்த பம்ப் ஷொட்கன் தடை செய்யப்பட்ட ஆயுதம். மேலே சொன்ன நான்கும் அதில் விழுந்துவிடும். வீட்டைக் காக்க என்று சொன்னால் லைசன்ஸ் கிடைக்காது. அவுஸ்திரேலியாவிலும் 1996க்குப் பிறகு பம்ப் ஷொட்கன் மிகக் கடுமையான வகைக்குப் போய்விட்டது, தற்காப்பு அங்கே ஒரு காரணமே இல்லை.

இலங்கைக்கு வருவோம். இங்கே அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1996இல் வந்த திருத்தம் தானியங்கித் துப்பாக்கியையும் ரிப்பீட்டர் ஷொட்கனையும் தனியாகப் பிரித்து, சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஆயுள் சிறை வரை தண்டனை என்று ஆக்கியது. ஒரு தடவை ஏற்றிவிட்டுத் தொடர்ந்து சுடக்கூடிய பம்ப் ஷொட்கன் இந்த ரிப்பீட்டர் பக்கம்தான் வரும். வயல் காவலுக்கு வைத்திருக்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் கதை வேறு. அதற்கு மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கிறார்கள். தனிப்பட்ட பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. உயிருக்கு உண்மையிலேயே அச்சுறுத்தல் இருக்கிறது என்று காட்ட வேண்டும், பொலிஸ் அறிக்கை வேண்டும். "எங்கட ஒழுங்கையில் கள்ளர் கூடிப்போச்சு" என்று எழுதினால் அந்தக் கடிதம் மேசையைத் தாண்டாது. கிடைத்தாலும் லைசன்ஸ் டிசம்பர் 31 வரைதான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில் தற்காப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் மீளாய்வுக்காக வெலிசறைக் கடற்படைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கும்படி அமைச்சே அறிவித்தது. கிடைத்தவருக்கும் நிலைமை அதுதான்.

பாகம் பாகமாகக் கழற்றிப் பார்சலில் அனுப்பலாமா என்று கேட்கும் மச்சான்மாரும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுங்கள், அதுவும் போனில் இல்லாமல் எழுத்தில். சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுமாகப் பல வருடம் வாழ்ந்த கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு, வீட்டுக்குள் ஒரு துவக்கு என்ற நினைப்பே எப்படி இருக்கும் என்று டெக்சாஸில் வளர்ந்த பிள்ளைக்கு விளங்காது. விளங்கப்படுத்துவது உங்கள் வேலை.

அப்படியானால் சட்டம் நம்மைச் சும்மா நிற்கச் சொல்கிறதா? இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உடலுக்கு மட்டுமில்லை, சொத்துக்கும். இரவில் வீடு உடைத்து உள்ளே வருவதைச் சட்டம் மிகக் கடுமையாகவே பார்க்கிறது. ஆனால் 92ஆம் பிரிவு எல்லை போடுகிறது: தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, பொலிஸைக் கூப்பிட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. மதில் ஏறி ஓடிக்கொண்டிருப்பவனின் முதுகில் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. பிடிபட்டவனை மின்கம்பத்தில் கட்டிவைத்து ஊரே சேர்ந்து அடிப்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அதில் கை வைத்த ஒவ்வொருவரும் குற்றவாளி. பிடித்தால் தாமதிக்காமல் பொலிஸில் கொடுத்துவிட வேண்டும்.

படி 6: இரவில் ரோர்ச் லைட்டோடு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள்

பகலில் பார்த்தால் நம் வீடு நம் வீடாகத்தான் தெரியும். இரவு பத்து மணிக்கு வெளி லைட்டை அணைத்துவிட்டு, சாவி இல்லாதவனைப் போல ஒரு சுற்று வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலே சொல்லிவிட்டுச் செய்வது உங்கள் மரியாதைக்கு நல்லது.

முன்கதவோடு நின்றுவிட வேண்டாம். பின்பக்கம் போங்கள். தண்ணீர்த் தாங்கி நிற்கும் கட்டு, ஏசியின் வெளிப்பெட்டிக்குப் போட்ட இரும்புத் தாங்கி, ஜம்புமரக் கிளை எல்லாம் ஏணிதான். பழைய வீடுகளில் குளியலறைக்கு லூவர் ஜன்னல் இருக்கும். அதில் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியக் கொக்கி மடிந்து பிடித்திருக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து கொக்கியை நெம்பினால் கண்ணாடி சத்தமில்லாமல் கையோடு வரும். நாலு கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு ஒல்லியான ஒருவன் உள்ளே இறங்கிவிடுவான். வீட்டார் காலையில் எழும்பி, கண்ணாடிகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொள்வார்கள். லூவருக்கு உள்பக்கம் ஒரு இரும்புக் கிறில் போடுவது மலிவான, உடனே செய்ய வேண்டிய வேலை.

கூரையும் வாசல்தான். அஸ்பெஸ்டஸ் தகட்டை மெதுவாக நகர்த்தி சீலிங்குக்குள் இறங்குவது பழைய வித்தை. ஓடு என்றால் இன்னும் லேசு. சீலிங் மட்டும் இருக்கும் அறையில் அலுமாரியை வைக்காமல், மேலே கொங்கிறீட் தட்டு உள்ள அறையில் வையுங்கள்.

படி 7: கதவில் பூட்டை விட ஸ்குரூவைப் பாருங்கள்

நல்ல பூட்டு என்று பெரிய காசு கொடுத்து வாங்குவார்கள். பிறகு அதன் நாக்கு போய் நுழையும் தகட்டை, பெட்டிக்குள் கிடந்த முக்கால் அங்குல ஸ்குரூ இரண்டால் நிலையில் பூட்டிவிட்டுப் போவார்கள். கதவை உதைத்தால் உடைவது பூட்டு இல்லை, அந்த இரண்டு ஸ்குரூவும் பிடித்திருக்கும் மரச் சிராய்தான். ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், நுனியில் மரத்தூள்கூட ஒட்டியிருக்காது. மூன்று அங்குல ஸ்குரூ போட்டு, நிலையைத் தாண்டிச் சுவரில் பிளக் வைத்து இறுக்கினால் அதே கதவு பல உதை தாங்கும். பழைய சோனகத் தெருவில் ஏதாவது ஒரு ஹார்ட்வெயாரில் சில நூறு ரூபாய்க்கு முடியும் வேலை. வீட்டுப் பாதுகாப்பில் காசுக்கு அதிக நிமிடம் தருவது இந்த ஸ்குரூதான் என்பது என் கட்சி.

தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லட்ச்சை மட்டும் நம்பாதீர்கள், பல மாடல்களில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நாக்கைத் தள்ளிவிடலாம். உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள் போடுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் பிணைச்சலின் ஆணி வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆணியைத் தட்டிக் கழற்றிவிட்டால் பூட்டுக்கு வேலையே இல்லை.

கிறில் போடும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வீடு முழுக்க இரும்பால் அடைத்துவிட்டு, தீப்பிடித்த இரவில் வெளியே வர முடியாமல் போவது கள்ளனை விடப் பெரிய ஆபத்து. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஜன்னல் கிறிலாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். அதன் சாவி, வெளியிலிருந்து கை எட்டாத ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்க வேண்டும். அம்மம்மாவும் அதை ஒருமுறை தன் கையால் திறந்து பார்க்கட்டும். தீயணைப்புக்கு இலக்கம் 110.

படி 8: லைட், கமரா, நகை

அசைவுக்கு எரியும் லைட் பின்பக்கத்துக்கு. முன்பக்கம் ஏற்கனவே தெரு விளக்கு இருக்கும். கமரா வாங்க பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் போதும், கடைக்குக் கடை ஆள் வைத்துப் பூட்டித் தருவார்கள். பூட்டுகிறவர் சுலபம் பார்த்துக் கூரை உயரத்தில் வைத்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது தொப்பிகளின் படம். கேட்டுப் பக்கம் ஒன்றாவது முகம் தெரியும் உயரத்தில் இருக்க வேண்டும். பதிவுப் பெட்டியை ரி.விக்குக் கீழே வைக்காதீர்கள், போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். சிறிய யூபிஎஸ் ஒன்றும் அவசியம். 2022இல் கரண்ட் போன நேர அட்டவணை பத்திரிகையில் வந்த ஊர் இது.

நகை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: பேங்க் லொக்கர். கலியாணத்துக்கு எடுத்தால் மறுவாரமே திருப்பி வையுங்கள். செட்டியார் தெரு பில்லையும் நகையையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், பிறகு பொலிஸில் "ஒரு சங்கிலி, இரண்டு வளையல்" என்று சொல்லி நிற்க வேண்டி வராது.

அதைவிட முக்கியம், வீடு பூட்டிக் கிடப்பது யாருக்குத் தெரியும் என்பது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெள்ளவத்தையில் பாதிச் சனம் யாழ்ப்பாணம் போய்விடும். ஆடிவேல் நாளில் குடும்பமாகத் தேர் பார்க்கப் போவோம். எந்த வீடு எப்போது காலி என்று வெளியாள் ஒற்றன் வேலை பார்க்கத் தேவையில்லை, நாமே பேஸ்புக்கில் தேர் முட்டியில் நின்று படம் போட்டுவிடுகிறோம். படத்தைத் திரும்பி வந்த பிறகு போட்டாலும் அதே லைக்தான் விழும். பேப்பர்காரரை நிறுத்துங்கள், பக்கத்து வீட்டு அன்ரியிடம் இரவில் ஒரு லைட் போடச் சொல்லுங்கள். அவருக்குத் திருநீறும் பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த வருடமும் போடுவார்.

படி 9: உள்ளே ஒருவன் வந்துவிட்டால்

முதலே ஓர் அறையைத் தீர்மானியுங்கள். கதவு கட்டையாலானதாக இருக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும், இரவில் ஒரு போன் அங்கேயே சார்ஜில் கிடக்க வேண்டும். சத்தம் கேட்டால் எல்லாரும் அங்கே. "ஆரது?" என்று கேட்டுக்கொண்டு பொல்லோடு ஹோலுக்கு வரும் அப்பாக்கள் நிறைய. அப்படி வந்துதான் காயப்படுகிறார்கள். உள்ளே வந்தவனுக்கு வெளியே போக ஒரு வழி விட்டு வையுங்கள். அவனுக்கும் போகத்தான் விருப்பம்.

119க்கு அடிக்கும்போது பதற்றத்தில் சிங்களம் வராது. வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், கிட்ட உள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ, "வீட்டுக்குள் ஆள் நிற்கிறான்" என்ற வசனம், இவ்வளவையும் சிங்களத்தில் தமிழ் எழுத்தில் எழுதி அந்த அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளையும் வாசித்துச் சொல்லலாம். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு கோல். அவர்கள் தங்கள் வீட்டு லைட் எல்லாவற்றையும் போட்டுச் சத்தம் போட்டாலே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். யாருக்காவது காயம் என்றால் 1990, காசு கேட்காமல் அம்புலன்ஸ் வரும்.

பொலிஸ் வரும் வரை எதையும் தொடாதீர்கள். அலுமாரியிலிருந்து இழுத்துப்போட்ட உடுப்புகளை மடித்து அடுக்கத் தோன்றும், விருந்தாளி வருகிறார் என்ற பழக்கம். விட்டுவிடுங்கள். அந்த அலுமாரித் தட்டில்தான் கைரேகை இருக்கும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழில் எழுத ஆள் இல்லை என்று சிங்களத்தில் எழுதினால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவர் வந்து வாசித்துக் காட்டும் வரை கையெழுத்துப் போட வேண்டாம். போட்ட பிறகு முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டே நிலையத்திலிருந்து வெளியே வாருங்கள். அடுத்த முறை போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.